ஐந்தாவது சக்கரம் பிறந்த கதை

கார் பிறந்த புதிதில் அதன் சக்கரத்தை வழியில் கழற்றி மாட்டலாம் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. குதிரை வண்டிக்குச் சக்கரம் செய்த கைகள்தான் காருக்கும் செய்தன. நடுவில் குடம், அதிலிருந்து புறப்படும் மர ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை. குடம் அச்சின் மேல் பேரிங்கோடும் கிரீஸோடும் இறுகி உட்கார்ந்திருக்கும். வண்டிச் சக்கரம் என்றைக்காவது உடையும். உடைந்தால் பட்டறைக்குப் போகும். நடுவழியில் கழற்ற வேண்டிய தேவை அதற்கு வந்ததே இல்லை.

அந்தத் தேவையைக் கொண்டுவந்தது காற்று. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இடைப்பட்ட நாற்பது வருடத்தில் உலகம் அவரை மறந்துவிட்டிருந்தது. 1895-இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் காற்று டயர் போட்ட காரை ஓட்டினார்கள். வழி நெடுகப் பஞ்சர். பந்தயத்தில் தோற்றாலும் வாதத்தில் ஜெயித்தார்கள்: கட்டி ரப்பர் போட்ட கார் வேகம் எடுத்தால் எஞ்சினும் உடையும், ஏறியவர் இடுப்பும் உடையும். காற்றை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் காற்று இருக்கும் இடத்தில் பஞ்சரும் இருக்கும். அன்றைய சாலைகளில் கார் கொஞ்சம், குதிரை ஏராளம். லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் எங்கும் கிடந்தன. டயரின் விளிம்பு ரிம்மின் உதட்டுக்குள் கொக்கி போலச் சிக்கியிருக்கும். அது நழுவாமல் இருக்கத் தனி போல்ட்டுகள் வேறு. பஞ்சரானால் காரை ஓரங்கட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கி, போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு மூன்று இரும்புப் பட்டைகளை நுழைத்து நெம்பி, டயரை உதட்டிலிருந்து விடுவித்து, டியூபை உருவி, ஓட்டையைத் தேடி, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டு, டியூப் நசுங்காமல் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, கைப்பம்பில் காற்றடிக்க வேண்டும். அத்தனையும் சக்கரம் வண்டியில் இருக்கும்போதே. மழையும் இருட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் கார் வைத்திருந்த பணக்காரர்கள் டிரைவர் மட்டும் போதாது, வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கே டிரைவராக வேண்டும் என்று தேடியதற்குப் பெரிய காரணம் இந்த டயர்.

வேல்ஸ் நாட்டின் தெற்கில் லனெத்லி என்று ஓர் ஊர். தகரத் தகடு உருட்டும் ஆலைகள் நிறைந்த ஊர். ‘டினோபோலிஸ்’, தகரப் பட்டணம் என்றே பட்டப்பெயர். அங்கே தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற இரண்டு சகோதரர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். சக்கரத்தைக் கழற்ற முடியவில்லை என்றால் கழற்றவே வேண்டாம், பக்கத்தில் இன்னொன்றை மாட்டிவிடலாம் என்று 1904-இல் அவர்கள் யோசித்தார்கள். ஆரக்காலும் குடமும் இல்லாத வெறும் இரும்பு வளையம். அதன் மேல் ஏற்கெனவே காற்றடித்துத் தயாராக இருக்கும் ஒரு டயர். பஞ்சரான சக்கரத்தின் வெளிப்புறத்தில் இதை ஒட்டினாற்போல் வைத்துக் கிளாம்புகளால் இறுக்க வேண்டியது; காற்றுப் போன டயர் இருந்த இடத்திலேயே சும்மா சுற்றும், பாரத்தைப் புதியது தாங்கும். வீட்டுக்கோ பட்டறைக்கோ போய்ச் சேர்ந்த பிறகு நிதானமாக ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

பட்டறை இருந்தது ஸ்டெப்னி தெருவில். ஸ்டெப்னி என்பது அந்த ஊரில் நிலபுலன் வைத்திருந்த பிரபுக் குடும்பத்தின் பெயர். தெருவின் பெயரையே சாமானுக்கும் வைத்தார்கள். லண்டன் வாடகைக் கார்களில் அது பரவியது. கப்பலேறிப் பல நாடுகளுக்கும் போனது. பிரேசிலில் இன்றும் மாற்றுச் சக்கரத்துக்கு ‘எஸ்டெப்பே’ என்றுதான் பெயர். மால்ட்டாவிலும் ஸ்டெப்னிதான். நம் ஊர் பஞ்சர் கடையில் சொல்லவே வேண்டாம். லனெத்லி எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அதன் ஒரு தெருப் பெயரை மட்டும் தினமும் ஆயிரம் பேர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டேவிஸ் சகோதரர்களின் ஸ்டெப்னி, மற்ற நான்கு சக்கரங்களுக்குச் சமமானதல்ல. அது ஆபத்துக்கு உதவும் ஆள் மட்டும். தனியாக ஓடாது, இன்னொரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். நான்கோடு இடம் மாற்றிப் போடும் பேச்சுக்கே இடமில்லை. இந்தச் சமமின்மை போனதும், சில பத்தாண்டுகள் கழித்து அது திரும்பி வந்ததும்தான் ஐந்தாவது சக்கரத்தின் வரலாறு. டயரை எப்படி இடம் மாற்றிச் சுழற்ற வேண்டும், எப்போது எத்தனை வாங்க வேண்டும் என்று இன்று நாம் போடும் கணக்குகளில் பாதி அங்கிருந்துதான் வருகின்றன.

சமமின்மையைப் போக்கியது பந்தயம். 1906 ஜூன் 26, 27 தேதிகளில் பிரான்ஸின் லெ மான் ஊருக்கு வெளியே முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. சுற்றுக்கு 103 கிலோமீட்டர், நாளுக்கு 6 சுற்று, இரண்டு நாள். வெயிலில் தார் உருகி ஓடியது. கூரிய கற்கள் டயரைக் கிழித்தன. டிரைவரும் கூட உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் காரைத் தொடக் கூடாது என்பது விதி. பல அணிகளின் ஆட்கள் பழைய டயரைக் கத்தியால் கிழித்தெறிந்துவிட்டுப் புதியதை ரிம்மில் நெம்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு டயருக்குக் கால் மணி நேரம். ரெனோ அணியிடம் மிஷலின் கொடுத்த கழற்று ரிம் இருந்தது: நட்டுகளைத் தளர்த்தினால் ரிம்மும் டயரும் சேர்ந்து வந்துவிடும், காற்றடித்த வேறொன்றை வைத்து முடுக்கிவிடலாம். நான்கு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. ஹங்கேரியில் பிறந்த ஃபெரென்ஸ் சிஸ் அந்த ரெனோவில் ஜெயித்தார். ரிம்மின் எடை அதிகம் என்று அதை வேண்டாமென்ற அணிகளும் இருந்தன. அன்றைக்கு எடையைவிட நேரம்தான் கனமாக இருந்தது.

அடுத்த சில வருடங்களில் வேலை ரிம்மிலிருந்து சக்கரத்துக்கு நகர்ந்தது. 1908 வாக்கில் ரட்ஜ்-விட்வர்த் நிறுவனத்தின் ஜான் பியூ, நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டைத் திருகினால் முழுச் சக்கரமும் கையோடு வந்துவிடும்படி கம்பிச் சக்கரம் செய்தார். குடத்தின் உள்பாகம் பேரிங்கோடு அச்சிலேயே தங்கிவிடும். வெளிப்பாகம் மட்டும் கழலும். ஏறக்குறைய அதே நேரத்தில் ஜோசப் சாங்கியின் நிறுவனம் இரும்புத் தகட்டை அழுத்தி, பற்றவைத்து, போல்ட்டில் மாட்டும் சக்கரம் கொண்டுவந்தது. இன்று நம் காரில் ஜாக்கி வைத்து, வீல் ஸ்பேனரால் நான்கைந்து நட்டைத் திருகிக் கழற்றுகிறோமே, அதன் நேர் மூதாதை இது.

அதோடு டேவிஸ் சகோதரர்களின் வளையத்துக்கு வேலை போய்விட்டது. பெயர் மட்டும் தங்கியது. காரின் பக்கவாட்டிலோ பின்னாலோ ஐந்தாவதாக ஒரு முழுச் சக்கரம் ஏறி உட்கார்ந்தது. அதே ரிம், அதே டயர், அதே அளவு. எந்த மூலையிலும் மாட்டலாம். ஐந்தும் ஒன்றுக்கொன்று சமம் என்றான பிறகுதான், இருக்கிற ஐந்தையும் முறை வைத்து ஓட்டினால் என்ன என்ற கேள்வி அர்த்தமுள்ளதாகிறது.

அந்தக் கேள்விக்குத் தேவை உண்டு, ஏனென்றால் டயர்கள் ஒரே மாதிரி தேய்வதில்லை. பின்சக்கரத்தை எஞ்சின் சுழற்றும் காரில் பின் டயரின் நடுப்பகுதி உழைக்கிறது. முன் டயர் ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கவாட்டில் இழுபடுவதால் அதன் தோள் தேய்கிறது. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாய்ந்து, தேய்மானம் முன் டயர் கணக்கில் ஏறுகிறது. இன்றைய சிறிய கார்களில் எஞ்சினும் முன்னால், சுழற்றுவதும் முன்சக்கரம், திருப்புவதும் அதுவே, பிரேக்கில் பெரும்பங்கும் அதற்கே. பின் டயர்கள் கூடவே உருளுகின்றன, அவ்வளவுதான். ஆனால் சும்மா உருளுவதும் ஆபத்துதான்: பட்டன்களின் ஒரு ஓரம் மட்டும் ரம்பப் பல் போலத் தேய்ந்து, ஒரு நாள் காருக்குள் ஒரே முனகலாகக் கேட்கும். பலர் அதைப் பேரிங் சத்தம் என்று நினைத்துப் பேரிங்கை மாற்றிவிட்டு வருவதுண்டு. டயரை இடம் மாற்றி, எதிர்த் திசையில் சுழலவிட்டால் அந்தப் பற்கள் ஓரளவு சமமாகும். நம் சாலைகளில் இடப்பக்கம் போகிறோம். ரவுண்டானாவைச் சுற்றும்போதெல்லாம் பாரம் இடப்பக்க டயர்கள் மேல் சாய்கிறது. இடமும் வலமும்கூட ஒன்றல்ல.

இதெல்லாம் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த விஷயம். சாதாரணக் கார்க்காரனுக்கு டயர் சுழற்சியைத் தேசக் கடமையாக்கியது போர்.

1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவுக்குள் நுழைந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. சில வாரங்களில் டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளும் போயின. அமெரிக்கா வாங்கிக்கொண்டிருந்த இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மலாயாவில் அந்தப் பாலை வடித்தவர்களில் பெரும் எண்ணிக்கையினர் நம்மவர்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு என்று பல ஜில்லாக்களிலிருந்தும் கப்பலேறிப் போன தோட்டத் தொழிலாளர்கள். ஜப்பானியர் வந்த பிறகு அவர்களில் ஆயிரக்கணக்கானோரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். திரும்பி வராதவர்கள் மிகப் பலர். நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய ரப்பர் ஊற்று இலங்கை. அங்கே மரம் செத்தாலும் சரியென்று பட்டையை அளவுக்கு மீறிச் சீவிப் பாலெடுத்தார்கள். டயர் என்றால் கார் கம்பெனி, அதன் மேல் பொறித்த பெயர் என்றுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் விடியலில் கத்தியும் வாளியுமாக மரத்துக்கு மரம் நடந்தவர்களின் பெயர் எந்த டயரிலும் இல்லை.

அமெரிக்காவில் போரின்போது முதன்முதலில் ரேஷனுக்கு வந்த பொருள் சர்க்கரையல்ல, பெட்ரோலல்ல, டயர். 1942 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. சாதாரண ஆளுக்குப் புது டயர் கிடையாது. அதே வருடம் செப்டம்பரில் பெர்னார்ட் பாருக் தலைமையிலான குழு, நாடு முழுவதும் பெட்ரோலை ரேஷன் செய்யச் சொன்னது. பெட்ரோல் பற்றாக்குறை என்பதால் அல்ல. பெட்ரோல் கிடைக்காவிட்டால் கார் ஓடாது, கார் ஓடாவிட்டால் டயர் தேயாது என்பதால். வேகம் மணிக்கு 35 மைல் என்று கட்டுப்படுத்தினார்கள்; அதற்கும் காரணம் டயர்தான். பெட்ரோல் கூப்பன் வேண்டுமென்றால் ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சமிருந்தால் அரசாங்கத்துக்கு விற்றுவிட வேண்டும். டயர்களை அவ்வப்போது காட்டிச் சோதனைச் சீட்டில் பதிந்துகொள்ள வேண்டும். காற்றைச் சரியாக வை, முன்சக்கரக் கோணத்தைச் சரிபார், டயர்களை முறை மாற்றிப் போடு என்று துண்டுப் பிரசுரங்கள் வந்தன.

ஐந்து டயருக்கு மேல் கூடாது என்ற விதியின் மறுபக்கத்தைப் பாருங்கள்: ஐந்து இருக்கலாம். ஐந்தாவது அதிகப்படி அல்ல, காரின் உறுப்பு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. புது டயர் எப்போது வரும் என்று தெரியாத காலத்தில், ஐந்தில் ஒன்றைச் சும்மா படுக்கப்போடுவதை யாரும் விரும்பவில்லை.

போர் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் நிலைத்தது. 1950, 60-களின் கார்களோடு வந்த கையேடுகளில் ஐந்து வட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட படம் இருக்கும்: நாலாயிரம், ஐயாயிரம் மைலுக்கு ஒரு தடவை ஒவ்வொன்றும் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். முன்சக்கர ஓட்டமுள்ள காருக்கு இன்றும் செல்லும் முறை ஒன்று உண்டு. முன் இடது டயர் நேராகப் பின் இடதுக்கு. முன் வலது டயர் டிக்கிக்கு. டிக்கியில் இருந்தது பின் வலதுக்கு. பின்னால் இருந்த இரண்டும் குறுக்காக மாறி முன்னுக்கு. ஐந்து சுற்றில் ஒவ்வொரு டயரும் எல்லா மூலையையும் பார்த்து, ஒரு சுற்று ஓய்வும் எடுத்துவிடும். கணக்கும் எளிது. ஒரு டயர் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து டயருக்கு 2,00,000; ஒரே நேரத்தில் நான்கு தேய்கின்றன என்பதால் கார் 50,000 ஓடும். ஐந்தும் ஒன்றாகத் தேய்ந்து ஒன்றாகவே ஓய்வு பெறும். ஐந்தையும் ஒரே நாளில் வாங்கப் பணம் வேண்டுமே என்பது இதிலுள்ள வில்லங்கம்.

நம் நாட்டில் அந்த வில்லங்கத்துக்கு வேறு பதில் இருந்தது: ரீட்ரெடிங். உடம்பு நன்றாக இருந்து பட்டன் மட்டும் தேய்ந்த டயருக்குப் புதிய மேல்தோல் ஒட்டுவது. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மம்மன் மாப்பிள்ளையின் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, டயர் செய்வதற்கு வெகு முன்பே, 1952-இல், ரீட்ரெடிங்குக்கான ரப்பரைத்தான் செய்தது. எம்.ஆர்.எஃப். டயராக வெளிவந்தது 1960-களில். புது டயரைவிடப் பழைய டயரின் சந்தை பெரிதாக இருந்த காலம் அது. லாரி, பஸ் உலகில் அன்றுமுதல் இன்றுவரை ஒரு சட்டம் உண்டு: புது டயர் முன்னால், ரீட்ரெட் பின்னால். முன்னால் பக்கத்துக்கு ஒரே டயர். அது வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். பின்னால் பக்கத்துக்கு இரண்டு இருப்பதால் ஒன்று போனாலும் சமாளிக்கலாம். லாரிக்கு இது முற்றிலும் சரி.

லாரியின் இந்த நியாயம்தான் கார் கடைக்கும் தொற்றியிருக்கும் என்பது என் ஊகம். காருக்கு இரண்டு டயர் மட்டும் வாங்கினால், கேட்காமலேயே முன்னால் மாட்டிக் கொடுக்கும் கடைகள் இன்றும் பல. எஞ்சின் முன்னாலே, ஸ்டியரிங் முன்னாலே, அப்புறம் என்ன என்பார்கள். ஆனால் டயர் கம்பெனிகள் ஒரே குரலில் சொல்வது நேர் எதிர்: புது ஜோடி பின்னால். மழைத் தண்ணீரில் முன் டயர் பிடி விட்டால் ஸ்டியரிங் லேசாவது கைக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் பிடி விட்டால் எந்த முன்னறிவிப்பும் இல்லை. காலை எடுப்பதே காரைச் சுழற்றிவிடும். தண்ணீரைக் கிழித்து வெளியேற்றும் ஆழமான பள்ளங்கள் எங்கே அதிகம் தேவை என்றால், டிரைவருக்கு எட்டாத இடத்தில். ஐப்பசி மழையில் மேம்பாலத்து வளைவில் இறங்கும்போது இதை யோசித்துப் பார்க்கலாம். கடைக்காரரோடு வாதாட வேண்டியிருந்தாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன்.

ஐந்து டயர்ச் சுழற்சியை அடித்துப் போட்டது இன்னொரு கண்டுபிடிப்பு: ரேடியல். மிஷலின் நிறுவனத்தில் மரியஸ் மிஞ்ஞோல் என்பவர் உருவாக்கி, 1946-இல் காப்புரிமை பெற்று, 1940-களின் கடைசியில் விற்பனைக்கு வந்தது. பழைய டயரில் நூலிழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும். ரேடியலில் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடி, மேலே எஃகுப் பட்டை இறுகக் கட்டியிருக்கும். தரையில் நெளியாது, சூடேறாது, ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்கும். ஐரோப்பா உடனே பிடித்துக்கொண்டது. அமெரிக்கா இருபது வருடம் தயங்கி, 1970-களில்தான் மாறியது. மாறியபோது ஒரு பயமும் கூடவே வந்தது: ஒரு திசையில் சுழன்று பழகிய ரேடியலை எதிர்ப்பக்கம் போட்டுத் திசை மாற்றினால் எஃகுப் பட்டை பிரிந்துவிடும் என்று. ஆகவே இடது இடதிலேயே, வலது வலதிலேயே. முன்னும் பின்னும் மட்டும் மாற்று என்றார்கள். டிக்கியில் கிடப்பது இரண்டு பக்கத்துக்கும் போக முடியாது என்றானதும், அது அம்புக்குறிப் படத்திலிருந்து நழுவியது. பின்னாளில் டயரின் தரம் கூடி அந்தப் பயம் விலகியது. இன்றைய சாதாரண ரேடியலைத் தாராளமாகக் குறுக்கே மாற்றலாம். ஓரத்தில் அம்புக்குறி அச்சிட்ட ஒருதிசை டயருக்கு மட்டும் பழைய விதி. ஆனால் படத்துக்கு நான்கு வட்டங்களே பழகிவிட்டன.

அடுத்த அடி 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விழுந்தது. காரைச் சிறிதாக்கு, எடையைக் குறை என்று கம்பெனிகள் மூலை முடுக்கெல்லாம் தேடியபோது கண்ணில் பட்டது டிக்கியில் சும்மா கிடக்கும் சக்கரம். 1970-களின் கடைசியில் ஒல்லி ஸ்டெப்னி வந்தது: அளவின் முன்னால் ‘டி’ என்ற எழுத்து, அதாவது தற்காலிகம். காற்று 60 பி.எஸ்.ஐ., வேகம் 80 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. டேவிஸ் சகோதரர்களின் வளையம் மறுபிறவி எடுத்துவிட்டது என்று சொல்லலாம். பட்டறை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும், அதற்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது. நம் ஊரில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. நான்கு மூலையிலும் பளபளக்கும் அலாய், டிக்கியில் ஒரு சுற்றுச் சின்னதாக இரும்புச் சக்கரம். விற்பனைப் பிரதிநிதி அலாயைத் தட்டிக் காட்டுவார், டிக்கிப் பாயைத் தூக்கிக் காட்ட மாட்டார்.

அளவு மாறிய ஸ்டெப்னியை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. முன்சக்கர ஓட்டமுள்ள காரில் முன் டயர் பஞ்சரானால், சோம்பல் பாராமல் பின்னாலிருந்து ஒரு முழுச் சக்கரத்தை முன்னுக்கு மாற்றிவிட்டு, சிறியதைப் பின்னால் போடுவதே முறை. சிறிய சக்கரம் முன்னால் இருந்தால் ஒரு பக்கம் வேகமாகச் சுற்றி டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும். பிரேக்கும் ஒரு பக்கம் இழுக்கும். நான்கு சக்கரமும் ஓட்டும் கார் என்றால் விஷயம் இன்னும் கடினம்: நான்கும் ஏறக்குறைய ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் கிழிந்தாலும் சில சமயம் நான்கையும் மாற்றச் சொல்வார்கள். அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவருக்கு ஐந்து டயர்ச் சுழற்சி இன்றும் பணம் மிச்சம் பிடிக்கும் யோசனை. எந்த நேரமும் மற்றவற்றோடு சேர்ந்து தேய்ந்த ஒன்று கையிருப்பில் இருக்கும்.

முழு அளவு ஸ்டெப்னி இருந்தும் அதைத் தொடாமல் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். நான்கு டயரைத் தேய்த்து மாற்றும்போது, புதிதாக இருக்கிறதே என்று ஸ்டெப்னியையும் கணக்கில் சேர்த்து மூன்று மட்டும் வாங்கும் சாமர்த்தியமும் நம்மிடம் உண்டு. பட்டன் ஆழம் புதிதாகவே இருக்கும்; ரப்பர் புதிதல்ல. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் காற்றிலும் வெப்பத்திலும் கெட்டிப்பட்டு, நுண்ணிய வெடிப்பு விடும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் சோதிக்கவும், பத்து வருடத்தில் எப்படியிருந்தாலும் கழித்துவிடவும் சொல்கிறார்கள் டயர் கம்பெனிகள். சில கார் கம்பெனிகள் ஆறு வருடம் போதும் என்கின்றன. இந்தக் கணக்கு ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான். ஓடும் டயருக்கு 1.6 மில்லிமீட்டர் எல்லை. பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. ஸ்டெப்னிக்கு அந்த எல்லை ஒருபோதும் வராது. அதன் சாவு தேதியில் இருக்கிறது, தேய்மானத்தில் இல்லை.

2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 3.5 டன்னுக்குள் எடையுள்ள வண்டியில் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாதனம் ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. மின்சாரக் கார்களுக்கு இது வரப்பிரசாதம். ஸ்டெப்னிக் குழி இருந்த இடத்தில் பேட்டரிக்கோ பெட்டிக்கோ இடம் கிடைத்தது. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் சட்டென்று காற்றுப் போகாது, அழுத்தக் கருவி முன்கூட்டியே சொல்லிவிடும் என்பதும் உண்மை. பட்டனில் ஆணி குத்தினால் ஒட்டுப் பசை உள்ளே போய் அடைத்துவிடும். ஆனால் பக்கச் சுவர் கிழிந்தால் அது ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊர்களில் மூடி போடாத குழிகளும், உடைந்த நடைபாதைக் கல்லின் கூர்முனையும் தாக்குவது பெரும்பாலும் பக்கச் சுவரைத்தான். நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. இரவில் மலைப்பாதையில் போகிறவருக்குப் பெரிய விஷயம்தான். ஸ்டெப்னி இல்லாத மாடலும் இருக்கும் மாடலும் ஒரே விலையில் கிடைத்தால் நான் இருப்பதைத்தான் எடுப்பேன், டிக்கியில் ஒரு பெட்டி குறைந்தாலும்.

ஸ்டெப்னி இல்லாத காரில் சுழற்சி நான்கோடு முடிகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு முறை பின் இரண்டும் குறுக்காக முன்னுக்கு, முன் இரண்டும் நேராகப் பின்னுக்கு. கூடவே காற்று, பேலன்சிங், அலைன்மென்ட். அழுத்தக் கருவி எந்த மூலை டயரில் காற்றுக் குறைவு என்று தனித்தனியாகக் காட்டும் வகையாக இருந்தால், சுழற்றிய பிறகு அதற்குப் புது இடங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் காற்றுக் குறைந்ததற்கு முன் டயரைக் காட்டும். டிக்கியின் ஓரத்தில் சின்னக் கம்ப்ரஸரும் ஒட்டுப் பசைப் புட்டியும் இருக்கும். அந்தப் புட்டியின் மேலும் ஒரு தேதி அச்சடித்திருக்கிறது. சில வருடங்களில் அதுவும் காலாவதியாகிவிடும். சர்வீஸுக்கு விடும்போது கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சர்வீஸ் பட்டியலில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.